சிவாஜிநகர் குஜரியில் ஒரு டயர் எந்திரம்

சனிக்கிழமை காலை பத்து மணிக்குச் சிவாஜிநகர்ப் பேருந்து நிலையத்தின் அருகே ஆட்டோவிலிருந்து இறங்கிய தந்தையும் மகளும் ஒரு சாக்கு மூட்டையைக் கையோடு கொண்டு வந்திருந்தனர். மூட்டைக்குள் டயர் மாட்டிய 14 அங்குல அலாய் சக்கரம் ஒன்று இருந்தது. பழைய பொருள் வாங்கப் போகிறவர்கள் பொதுவாகப் பணத்தை மட்டும் எடுத்துச் செல்வார்கள். இவர்கள் வாங்க வந்தது பழைய டயர் மாற்றும் எந்திரம். அது எந்த நிலையில் இருக்கிறது என்பதை விற்பவர் சொல்லமாட்டார், சக்கரம்தான் சொல்லும் என்று தந்தை முதல்நாளே கூறியிருந்தார். மூட்டையைத் தூக்கியவள் மகள். அவருடைய வலத்தோள் அந்த வேலைக்கு இனி உதவாது.

அவருக்கு வயது 58. அதில் 31 ஆண்டுகள் டயர்க்கடையில் கழிந்தன. முதலில் கூலிக்கு, பின்னர் சொந்தமாக. அவர் தொழில் கற்ற காலத்தில் இரண்டு டயர் லீவர்களும் ஒரு பாரையும் ஒரு சம்மட்டியும் இருந்தால் கடை நடக்கும். அம்பாசடர் காரின் 15 அங்குலச் சக்கரமும், மாருதி 800இன் 12 அங்குலச் சக்கரமும் அவர் கைகளுக்கு ஒன்றுதான். ஒவ்வொரு டயரையும் தோள் பலத்தால் நெம்பி நெம்பி, தோளின் தசைநார் கிழிந்துபோனது. மருத்துவர் இனிக் கனம் தூக்கக் கூடாது என்றார். கடையை ஒப்படைத்தபோது திரும்பி வந்த அட்வான்ஸ் தொகையில், மருத்துவச் செலவு போக மிஞ்சியது 75,000 ரூபாய்.

மகள் ஐ.டி.ஐ.யில் மோட்டார் மெக்கானிக் பிரிவு படித்தவள். ஒரு சர்வீஸ் சென்டரில் இரண்டு ஆண்டுகள் வேலை பார்த்து விலகியவள். லிங்கராஜபுரத்தில் அவர்கள் குடியிருக்கும் சொந்த வீட்டின் முன்பகுதியில் ஒரு கார் நிறுத்தும் இடம் உண்டு. கார் இல்லை. அந்த இடத்தில் டயர் வேலையைத் தொடங்கலாம் என்றவள் அவளே. அவர் ஒரு வாரம் மறுமொழி சொல்லவில்லை. எட்டாம் நாள், "மெஷின் இல்லாம முடியாது, புதுசு வாங்கவும் முடியாது. சிவாஜிநகர் போய்ப் பார்ப்போம்" என்றார்.

சிவாஜிநகருக்குப் போவது என்ற சொல்லுக்குப் பெங்களூர்த் தமிழர் வீடுகளில் ஒரு தனிப் பொருள் உண்டு. 1809இல் ஆங்கிலேயர் பெங்களூரில் தண்டு அமைத்தபோது, படையோடும் படைக்குப் பின்னாலும் வந்து சேர்ந்தவர்களில் தமிழ் பேசுவோர் ஏராளம். சமையற்காரர், குதிரை லாயக்காரர், கொத்தனார், வண்டிக்காரர், சிறு வணிகர் எனப் பலர். அன்று பிளாக்பள்ளி என்று வழங்கிய பகுதியே இன்றைய சிவாஜிநகர். 1927இல் கட்டப்பட்ட ரஸ்ஸல் மார்க்கெட்டும், செப்டம்பர் 8ஆம் நாள் தேர் ஓடும் புனித மரியாள் பேராலயமும், பள்ளிவாசல்களும், கோயில்களும் ஒருவர் தோளில் மற்றவர் கை போட்டதுபோல் நெருங்கி நிற்கும் இடம். தமிழும் தக்கணி உருதும் கன்னடமும் ஒரே பேரத்தில் கலந்து புழங்கும் தெருக்கள். இங்கே பழைய வாகனங்களைப் பிரித்து விற்கும் கடைகளைக் 'குஜரி' என்பர். சென்னையின் 'குஜிலி' பஜாரும் இதே உருதுச் சொல்லின் வழி வந்தது. மாலை நேரச் சந்தையைக் குறித்த சொல், சென்னையில் மலிவுப் பதிப்புப் பாட்டுப் புத்தகங்களின் அடைமொழியாயிற்று. பெங்களூரில் பழைய இரும்பின் பெயராயிற்று.

மூடப்பட்ட டயர்க்கடைகளின் எந்திரங்களும் இத்தகைய குஜரிக்கே வந்து சேர்கின்றன. அவற்றை வாங்குவோர் இரு வகை. இரும்பு விலைக்கு எடுத்து உருக்கக் கொடுப்போர் ஒரு வகை. எந்திரமாகவே நம்பி வாங்குவோர் மற்றொரு வகை. விற்பவருக்கு இரண்டாம் வகையினரே லாபம்.

கையால் செய்துவந்த வேலைக்கு எந்திரம் ஏன் கட்டாயமாயிற்று என்பதை அறிய, டயரின் உடலமைப்பை அறிய வேண்டும். டயரின் இரு ஓரங்களிலும் எஃகுக் கம்பிகளை முறுக்கிச் செய்த வளையம் ஒன்று ரப்பருக்குள் புதைந்திருக்கும். தொழிலாளர் அதை 'பீட்' என்பர். சக்கரத்தின் ரிம் விளிம்பைவிட இந்த வளையத்தின் சுற்றளவு சிறியது. அதனால்தான் ஓடும்போது டயர் கழன்று போவதில்லை. எஃகு வளையம் விரியாது. அப்படியானால் அது எப்படி ரிம்முக்குள் போகிறது, எப்படி வெளியே வருகிறது? ரிம்மின் நடுவில் ஒரு பள்ளம் சுற்றிலும் ஓடுகிறது. பீட்டின் ஒரு பக்கத்தை அந்தப் பள்ளத்தில் அமுக்கினால், எதிர்ப்பக்கத்தில் சிறிது தளர்ச்சி கிடைக்கும். அந்தத் தளர்ச்சி அளவே விளிம்பைத் தாண்டப் போதுமானது. டயர் மாற்றும் கலை முழுவதும் இந்த ஒரு பள்ளத்தில் அடங்கியிருக்கிறது. பள்ளத்தை மறந்தவன் பலத்தை நம்புவான். பலத்தை நம்பினால் பீட்டின் கம்பி அறும்.

தொடக்கத்தில் இந்த ஏற்பாடு எதுவும் இல்லை. 1888இல் டன்லப் காற்றடைத்த டயரை அறிமுகப்படுத்தியபோது அது சக்கரத்தோடு பசை போட்டு ஒட்டப்பட்டது. அத்தகைய டயர் பஞ்சரான சைக்கிளோடு 1889இல் ஒருவர் பிரான்சின் கிளர்மோன்-ஃபெரானில் இருந்த மிஷ்லின் சகோதரர்களின் பட்டறைக்கு வந்தார். அதைச் சரிசெய்ய மணிக்கணக்கில் வேலையும், பசை காய ஓர் இரவும் பிடித்தன. கழற்றி மாட்டத்தக்க டயருக்கான எண்ணம் அங்கே பிறந்தது. 1891இல் பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ் நெடும் பந்தயத்தில் ஷார்ல் தெரோன் அந்தப் புதிய டயரோடு வென்றார். டயர் என்பது கழற்றப்பட வேண்டிய பொருள் என்றானதும், கழற்றுபவன் என்றொரு தொழிலாளி உலகெங்கும் தோன்றினான்.

இந்தத் தொழிலாளியின் கையை நெருக்கடிக்குள்ளாக்கியது டியூப் இல்லாத டயர். 1947இல் அமெரிக்காவின் அக்ரன் நகரில் குட்ரிச் நிறுவனம் அதை அறிவித்தது. டியூப் இருந்த காலத்தில் காற்றைத் தாங்கியது டியூப். ரிம்மில் நெளிவோ கீறலோ இருந்தாலும் ஓட்டிவிடலாம். டியூப்லெஸ் டயரில் பீட்டும் ரிம்மும் ஒட்டும் கோடுதான் காற்றைத் தாங்குகிறது. லீவர் ஒரு முறை வழுக்கிப் பீட்டைக் கிழித்தால் டயர் வீண். அலாய் சக்கரத்தில் கீறல் விழுந்தால் வண்டிக்காரர் பணம் தரமாட்டார். டயரின் பக்கச்சுவர் குட்டையாகவும் விறைப்பாகவும் ஆக ஆக, கையால் நெம்புவது தோளுக்கும் டயருக்கும் ஒருசேரக் கேடு. அவருடைய தோள் இந்த வரலாற்றின் கடைசிப் பக்கத்தில் கிழிந்தது.

முதற்கடையில் எந்திரம் வாசலிலேயே நின்றது. புத்தம்புதிய நீல வண்ணம், சிவப்புப் பெடல்கள். கடைக்காரர் விலை 58,000 என்றார். "ரன்னிங் கண்டிஷன் அண்ணே. கண்ணை மூடிட்டு எடுத்துட்டுப் போங்க."

"கண்ணைத் திறந்துட்டே பார்க்குறேன் பாய், கோவிச்சுக்காதீங்க" என்றார் அவர். கடைக்காரர் சிரித்துவிட்டு நாற்காலி போட்டார்.

அவர் பார்த்த முறைக்கு ஓர் ஒழுங்கு இருந்தது. முதலில் பீட்டை ரிம்மிலிருந்து அமுக்கிப் பிரிக்கும் பக்கவாட்டுக் கையிடம் போனார். எந்திரத்தில் மிகுதியாகச் சுமை தாங்கும் உறுப்பு அது. மகள் அதன் சிலிண்டர் விட்டத்தை டேப்பால் அளந்தாள், 20 சென்டிமீட்டர். பிஸ்டனின் பரப்பு ஏறத்தாழ 314 சதுர சென்டிமீட்டர். எட்டு பார் காற்றழுத்தத்தில் அது 2,500 கிலோவுக்கும் அதிகமான விசையோடு தள்ளும். ஒரு பெரிய காரின் எடைக்கு நிகரான விசையை அந்த ஒற்றைக் கை ஒவ்வொரு முறையும் தாங்குகிறது. அவர் அந்தக் கை உடலோடு சேரும் அச்சின் அருகே கட்டைவிரல் நகத்தை மெல்ல ஓட்டினார். நகம் ஓரிடத்தில் தடுக்கியது. வண்ணத்துக்கு அடியில் வெல்டிங் வரி ஒன்று, மற்ற வரிகளைவிடத் தடிப்பாக, கோணலாக ஓடியது. தொழிற்சாலை வெல்டிங் அப்படி இருக்காது. உடைந்து ஒட்டிய கை அது.

அடுத்து, சுழலும் மேசை. ரிம்மைப் பிடிக்க அதில் நான்கு கிளாம்புகள் உண்டு. ஒரே நேரத்தில் ஒரே அளவு நகர வேண்டும். மின்னும் காற்றும் கொடுத்துப் பெடலை மிதித்தபோது மூன்று கிளாம்புகள் முன்னே போயின, ஒன்று தயங்கிப் பின்னே வந்தது. மூட்டையிலிருந்து சக்கரத்தை எடுத்து மாட்டச் சொன்னார். டயரைப் பிரித்து ஏற்றும் எஃகு அலகு, ரிம் விளிம்பிலிருந்து இரண்டு மூன்று மில்லிமீட்டர் விலகி நிற்க வேண்டும். தொட்டால் ரிம் கீறும். அதிகம் விலகினால் பீட் நழுவும். மேசை சுழன்றபோது அந்த இடைவெளி ஓரிடத்தில் இரண்டாகவும் எதிரே ஆறாகவும் தெரிந்தது. சக்கரம் மையத்தில் அமரவில்லை. அலகைப் பூட்டிவிட்டு அவர் இடக்கையால் மேலே இழுத்தார். பூட்டிய தண்டு அசைந்தது.

அவர் எழுந்து கைகளைத் துடைத்துக்கொண்டார். "பெயிண்ட் நல்லா அடிச்சிருக்கீங்க" என்று மட்டும் சொன்னார். கடைக்காரர் 50,000 என்றார், பிறகு 46,000. தெருவுக்கு வந்தபின் மகள் கேட்டாள்: "கிளாம்ப் மாத்தலாம், தண்டு மாத்தலாம். அவ்வளவு பயமா அப்பா?"

அவர் பழைய ஒன்றைச் சொன்னார். அவர் கூலி வேலை பார்த்த கடையில், பக்கத்தில் நின்று வேலை செய்த ஒருவர், லாரிச் சக்கரத்துக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார். அத்தகைய சக்கரத்தில் டயரைத் தாங்கிப் பிடிக்கும் லாக் ரிங் சரியாக உட்காரவில்லை. காற்று ஏறியதும் அந்த இரும்பு வளையம் தெறித்தது. மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டிய தேவையே எழவில்லை. "காத்து கண்ணுக்குத் தெரியாதும்மா. பிடிச்சிருக்கிறது எது, விட்டுடப் போறது எதுன்னு முன்னாடியே தெரிஞ்சுக்கணும். ஒட்டின கையை நம்பி உன்னைப் பக்கத்துல நிறுத்த மாட்டேன்." மகள் அதன்பின் வாதிடவில்லை. காரில் லாக் ரிங் இல்லை என்பது அவளுக்குத் தெரியும். ஆனால் பீட் இருக்கையில் அமரும் கணத்தில் கார் டயரும் வெடிக்க வல்லது என்பதும், அந்த வேளையில் 40 பி.எஸ்.ஐ.யைத் தாண்டக் கூடாது என்பதும் அவள் படித்தவை.

இரண்டாவது எந்திரம் வேறொரு சந்தில், பழைய கதவுகளுக்கும் பம்பர்களுக்கும் பின்னால் கிடந்தது. அதன் மேல் ரப்பர்த் தூளும் காய்ந்த சோப்புக் கறையும் அடை அடையாகப் படிந்திருந்தன. விலை 42,000. கடைக்காரர் வயதானவர், தாமாகவே குறைகளைச் சொன்னார். "கியர்பாக்ஸ்ல எண்ணெய் கசியுது. மூணு ஃபேஸ் மோட்டார். உள்ளது உள்ளபடி. வேணும்னா எடுங்க."

இங்கும் அவர் அதே ஒழுங்கில் தொடங்கினார். பக்கவாட்டுக் கையின் வெல்டிங் வரிகள் சீராக இருந்தன; அமுக்கும் தகட்டின் ரப்பர் உறை மட்டும் இல்லை. நான்கு கிளாம்புகளும் ஒன்றாக நகர்ந்தன. அவற்றின் பற்கள் கூர்மையாக இருந்ததால் யாரோ அண்மையில் மாற்றியிருக்க வேண்டும். அலகின் பிளாஸ்டிக் செருகு தேய்ந்திருந்தது. அது விலை குறைந்த பொருள். மேசைக்கு அடியிலிருந்து காற்றுக் கசியும் மெல்லிய சீறல் கேட்டது. மகள் சோப்புத் தண்ணீரைத் தொட்டு வைத்தாள். ஒரு பெடல் வால்வின் இணைப்பில் குமிழ் வந்தது. அங்கே ரப்பர் வளையத்தை மாற்றினால் போதும். மேசையின் நடு அச்சில், சுழலும் பகுதிக்குக் காற்றைக் கொண்டுசெல்லும் இணைப்பில் குமிழ் வந்திருந்தால் அது செலவு பிடிக்கும் வேலை. அங்கே வரவில்லை. கியர்பாக்ஸ் கசிவு மேல்மூடியின் ஓரத்தில் இருந்தது. பற்சக்கரங்கள் சுமையோடு ஓடும்போது அரைபடும் ஓசை எழவில்லை.

அழுக்கு ஓர் எந்திரத்தைப் பற்றிப் பொய் சொல்வதில்லை. ரப்பர்த் தூள் எங்கே படிந்திருக்கிறது, எங்கே கை பட்டுப் பட்டு வழவழப்பாகியிருக்கிறது என்பவை அதை ஓட்டியவரின் பழக்கத்தைக் காட்டுகின்றன. இந்த எந்திரத்தின் அலகின் அருகே ரிம்மை உரசிய வடு இல்லை. ஓட்டியவர் பொறுமைசாலி. அவர் யாரென்று தெரியாது. கடை ஏன் மூடினார் என்பதும் தெரியாது. அவருடைய கவனத்தையும் சேர்த்தே 42,000 ரூபாய்க்கு விற்கிறார்கள்.

ஆயினும் அவருக்கு ஒரு மனக்குறை இருந்தது. இந்த எந்திரத்தின் அலகு பக்கவாட்டில் விலகும் வகையைச் சேர்ந்தது. ஒவ்வொரு சக்கரத்துக்கும் அலகை நகர்த்தி, இடைவெளியை மறுபடி சரிபார்த்துப் பூட்ட வேண்டும். அவர் மனத்தில் இருந்தது பின்னோக்கிச் சாயும் தூண் கொண்ட பெரிய எந்திரம். அதில் ஒருமுறை அமைத்த அளவு அப்படியே நிற்கும். ஒரு வண்டியின் நான்கு சக்கரங்களையும் மளமளவென்று முடிக்கலாம். அவர் வேலை பார்த்த பெரிய கடைகளில் அதைத்தான் பார்த்திருந்தார். இன்னொரு கடையில் அப்படி ஒன்று 65,000க்கு இருப்பதாகக் கேள்விப்பட்டிருந்தார். அந்த வேகம்தான் தொழில் என்று அவர் நம்பினார்.

மகள் கைப்பேசியில் எடுத்துவந்த வீட்டு முன்புறத்தின் படத்தைக் காட்டினாள். 20க்கு 30 அடி மனை. கார் நிறுத்தும் இடத்தின் அடியில், பெங்களூர் வீடுகள் பலவற்றில் உள்ளதுபோல் தண்ணீர்த் தொட்டி. தெருவார் சொல்லும் 'சம்ப்'. 220 கிலோ எடையுள்ள எந்திரத்தைச் சம்ப்பின் மேல்தளத்தில் துளையிட்டு நிறுத்த முடியாது. சுமையும் அதிர்வும் ஒருபுறம், குடிநீருக்குள் சிமெண்டுத் தூள் விழுவது மறுபுறம். சம்ப்பைத் தவிர்த்தால் சுவரோரமாக நாலடி இடமே மிஞ்சும். தூண் பின்னோக்கிச் சாயும் எந்திரத்துக்குப் பின்னால் காலியிடம் வேண்டும், சுவர் தடுக்கும். அலகு பக்கவாட்டில் விலகும் எந்திரம் சுவரை ஒட்டி நிற்கும். "நமக்கு ஒரு நாளைக்கு மூணு வண்டி வந்தாலே பெருசு அப்பா. வேகம் எதுக்கு?"

அவர் படத்தை நெடுநேரம் பார்த்தார். பெரிய கடையின் எந்திரத்தைச் சிறிய வீட்டுக்குள் தேடிக்கொண்டிருந்தது அவருக்கே விளங்கியது.

"நீயே ஓட்டிப் பாரு" என்றார்.

மகள் சக்கரத்தின் காற்றை முழுவதும் வெளியேற்றினாள். வால்வு இருக்கும் இடத்திலிருந்து தள்ளிவைத்துப் பக்கவாட்டுக் கையால் பீட்டைப் பிரித்தாள். புதிய கார்களில் வால்வோடு காற்றழுத்த சென்சார் இணைந்திருக்கும். அமுக்கும் தகடு அதன்மேல் பட்டால் உடைந்துவிடும் என்பதால் அந்தப் பழக்கம். பீட்டுக்குச் சோப்புக் கரைசல் தடவினாள். கிளாம்புகளில் சக்கரத்தை ஏற்றி, அலகை இறக்கி, லீவரால் பீட்டை அலகின் மேல் தூக்கிப் பெடலை மிதித்தாள். மேசை கால்வட்டம் சுழன்றது. பிறகு மோட்டார் திணறியது. பெல்ட் கீச்சிட்டது. டயரின் பக்கச்சுவர் முறுக்கிக்கொண்டு வெளுத்தது.

"நிறுத்து" என்றார் அவர். குரல் உயரவில்லை. "பெடலைத் தூக்கு. பின்னால வரட்டும்."

மேசை எதிர்த்திசையில் ஓர் அடி சுழன்றது. அவர் முன்னே வந்து, நோகாத இடக்கையின் அடிப்பகுதியால் டயரின் எதிர்ப்பக்கத்தை அமுக்கினார். "இங்க பாரு. பீட் பள்ளத்துல இறங்கலை, மேலயே நிக்குது. மெஷினுக்கு பலம் உண்டு, பள்ளம் எங்கன்னு அதுக்குத் தெரியாது. அதை நீதான் சொல்லணும். இப்ப மிதி."

மேசை சுழன்றது. பீட் ஓசையின்றி விளிம்பைத் தாண்டி மேலே வந்தது. வயதான கடைக்காரர் தம் நாற்காலியிலிருந்து, "உஸ்தாத்" என்றார். உருதுவில் அது ஆசான் என்று பொருள்படும் சொல். மகள் தந்தையைப் பார்த்தாள். தோள் கிழிந்த நாள் முதல் அவரிடம் காணாத ஒரு நிமிர்வு அவர் முகத்தில் இருந்தது. ஒரு வாரம் மறுமொழி சொல்லாமல் இருந்ததன் காரணமும் அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. எந்திரம் வந்தபின் தமக்கு வீட்டில் என்ன வேலை என்று அவர் எண்ணியிருந்தார். பணக்கணக்கோ இடக்கணக்கோ அவரை அத்தனை நாள் தடுக்கவில்லை.

பேரம் 38,000இல் முடிந்தது. ஆனால் எந்திரத்தின் விலை மட்டும் செலவன்று என்பதைச் சந்து முனைத் தேநீர்க் கடையில் அமர்ந்து மகள் எழுதினாள். வீட்டில் இருப்பது 230 வோல்ட் ஒற்றை ஃபேஸ் இணைப்பு. மூன்று ஃபேஸ் வாங்கினால் வைப்புத்தொகையும் மாதக் கட்டணமும் ஏறும். ஆகவே மோட்டாரை மாற்ற வேண்டும்: ஒரு குதிரைத்திறன், நிமிடத்துக்கு ஏறக்குறைய 1,400 சுற்று, அதே அடித்தள அளவு. மோட்டாரை மட்டும் மாற்றினால் போதாது. மூன்று ஃபேஸ் மோட்டாரில் இரண்டு கம்பிகளை இடம் மாற்றினால் திசை மாறும். ஒற்றை ஃபேஸ் மோட்டாரில் தொடக்கச் சுற்றின் முனைகளை மாற்ற வேண்டும். ஆகவே பெடலுக்கு அடியில் உள்ள திசைமாற்றும் ஸ்விட்சும் மாற வேண்டும். பின்னோக்கிச் சுழலாத எந்திரம் ஆபத்தானது என்பதைச் சற்று முன்புதான் கண்கூடாகக் கண்டார்கள்.

அடுத்து கம்ப்ரசர். ஐந்து பார் மட்டும் தரும் சிறிய கம்ப்ரசரை வாங்கினால், அதே 20 சென்டிமீட்டர் சிலிண்டர் ஏறத்தாழ 1,600 கிலோ விசையே தரும்; இறுகிய பீட் அசையாது. எட்டு பார் தாங்கும் தொட்டியும், காற்றின் ஈரத்தைப் பிரிக்கும் வடிகட்டியும் தேவை. ஈரம் உள்ளே போனால் வால்வுகள் துருப்பிடிக்கும். எந்திரத்துக்கு உதிரிபாகம் பற்றிக் கவலை குறைவு. கோயம்புத்தூரின் ஏ.டி.எஸ். எல்ஜி, புதுச்சேரியின் மனாடெக் போன்ற நிறுவனங்கள் இத்தகைய பணிமனைக் கருவிகளைத் தயாரிக்கும் நிலத்தில், கிளாம்பும் அலகும் பிளாஸ்டிக் செருகும் கிடைப்பது அரிதன்று. இத்தாலியிலிருந்து வந்த பழைய எந்திரமாக இருந்தால் ஒரு சிறு வால்வுக்காக மாதக்கணக்கில் காத்திருக்க நேரலாம்.

எல்லாம் கூட்டியபோது 71,000 வந்தது. வண்டிவாடகையும் தரையில் போல்ட் இறக்கும் கூலியும் போக மிஞ்சுவது ஒன்றுமில்லை. சக்கரச் சமன்பாடு பார்க்கும் பேலன்சிங் எந்திரத்துக்குப் பணம் இல்லை. புதிய டயர் மாட்டியபின் பேலன்சிங் செய்யாவிட்டால் வேகத்தில் ஸ்டியரிங் நடுங்கும். அவர் அதைக் குறித்துக் கவலைப்பட்டார். "மாட்டிட்டு, பேலன்சிங் வேற கடையில பாருங்கன்னு சொன்னா, அடுத்த தடவை அங்கயே போயிடுவாங்களே?"

"சொல்லாம அனுப்பினா அடுத்த தடவை எங்கயுமே வரமாட்டாங்க அப்பா" என்றாள் மகள்.

எந்திரம் செவ்வாய்க்கிழமை ஒரு மினி லாரியில் லிங்கராஜபுரம் வந்தது. சம்ப்புக்கு அப்பால், சுவரோரம், மண் கெட்டித்துப் புதிதாகக் கான்கிரீட் போட்டு, இருபது நாள் நீர் ஊற்றி ஆறவிட்டபின்பே அதை நிறுத்தினார்கள். அந்த இருபது நாட்களில் அவர் நாள்தோறும் காலையில் ஒரு ஸ்டூலைப் போட்டு அமர்ந்து, இடக்கையால் எந்திரத்தின் அழுக்கைச் சுரண்டினார். வண்ணம் அடிக்கலாமா என்று மகள் கேட்டதற்கு வேண்டாம் என்றார். வெல்டிங் வரி கண்ணுக்குத் தெரியட்டும் என்றார்.

முதல் வண்டி எதிர்வீட்டுக்காரருடையது. இரண்டு முன்சக்கர டயர்கள். மகள் எந்திரத்தை ஓட்டினாள்; அவர் எதிரே நின்று, பள்ளம் பார்த்து, "இப்ப" என்று மட்டும் சொன்னார். காற்றடிக்கும்போது இருவரும் சக்கரத்தின் நேரே நிற்காமல் மூன்றடி விலகி நின்றனர். வால்வில் கவ்விக்கொள்ளும் முனையோடு நீண்ட ஹோஸ் ஒன்றை அவள் முதலிலேயே வாங்கியிருந்தாள். சுவரில் அவர் சாக்கட்டியால் பெரிதாக 40 என்று எழுதி, அடியில் ஒரு கோடு போட்டிருந்தார். முள் முப்பதை நெருங்கியபோது பீட் இருமுறை டப் டப்பென்று ஒலித்து இருக்கையில் அமர்ந்தது. எதிர்வீட்டுக்காரர் திடுக்கிட்டார். அவர் திடுக்கிடவில்லை, ஆனால் அந்த ஒலி கேட்கும்வரை மகளின் கையைப் பிடித்திருந்ததை அவர் கவனிக்கவில்லை.

கூலி வாங்கும்போது மகள், பேலன்சிங்கை முதன்மைச் சாலையில் உள்ள கடையில் பார்த்துக்கொள்ளச் சொல்லி, இன்றே பார்க்க வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொன்னாள். எதிர்வீட்டுக்காரர் அந்தக் கடைக்குப் போய்விட்டு மாலையில் திரும்பும்போது, தம் தங்கையின் காரையும் அடுத்த வாரம் கொண்டுவருவதாகச் சொல்லிப் போனார்.